விழா சாரின் இன்ப அதிர்ச்சி

விழா சார் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவரைப் பற்றிப் பள்ளி மலரில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லித் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "நீங்கதான் டீச்சர் அவரோட ரொம்ப வருஷமா வேலை பாத்திருக்கீங்க. நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்றார். நல்லதா நாலு வார்த்தையாம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆனாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. இதோ எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது, மலரிலும் வராது. அது அவர்கள் பாடு.

நான் கணக்கு டீச்சர். கூட்டிக் கழித்துப் பார்க்காமல் யாரையும் பாராட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. விழா சார் சமூக அறிவியல் எடுக்கிறவர். எடுக்கிறவர் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். அவரிடம் படித்த எந்தப் பிள்ளையும் பாடப் புத்தகத்தின் முதல் மூன்று பாடங்களைத் தாண்டியதில்லை. மீதி நேரமெல்லாம் நாற்காலி தூக்குவது, வரவேற்பு வளைவுக்குப் பசை தடவுவது, பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் வெயிலில் காய்வது. "விழா சார்" என்று பிள்ளைகள் கிண்டலாகத்தான் பேர் வைத்தார்கள். அந்த மனுஷன் அதைப் பட்டம் என்று நினைத்துப் பூரித்துப் போனார்.

அவருடைய அப்பா மைக் செட்டும் நாற்காலியும் வாடகைக்கு விட்டவர். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் வயர் சுற்றுவதும், மைக்கைத் தட்டித் தட்டி ஊதிப் பார்ப்பதும்தான் இவர் வேலை. அதில் ஒரு குறையும் இல்லை, உழைத்துச் சாப்பிட்ட குடும்பம். ஆனால் அங்கே ஒட்டிக்கொண்ட ஒரு எண்ணம் அவரை விட்டுப் போகவே இல்லை. மைக்குக்கு முன்னால் நடக்காத எதுவும் நடக்கவே இல்லை என்பது அவர் கட்சி. காய்ச்சலில் கிடக்கிற பையனுக்கு ஒரு மாத்திரை கொடுப்பதென்றாலும் நாலு பேரை நிற்க வைத்து, "இப்படித் திரும்புப்பா, முகம் தெரியட்டும்" என்று சொல்லித்தான் கொடுப்பார். மாத்திரை போட்ட பையனுக்கு அதற்குள் காய்ச்சல் ஒரு டிகிரி ஏறியிருக்கும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரேதான் பட்டாளத்து முகாம். நடுவில் ஒரு ரோடு, ரோட்டின் அந்தப் பக்கம் முள்கம்பி வேலி. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த வேலிக்கு உள்ளேயிருந்து வருகிறவர்கள். திடீரென்று ஒரு நாள் அப்பாவையோ அம்மாவையோ எங்கேயோ தூரத்து எல்லைக்கு டூட்டி என்று அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதம் என்பார்கள், அது ஒன்பதாகும். எங்கே என்று சொல்லமாட்டார்கள். பிள்ளை மறுநாள் காலையில் தலையை வாரிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி என் வகுப்பில் வந்து உட்காரும்.

அந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். கலகலவென்று இருந்தது ஊமையாகிவிடும், ஊமையாக இருந்தது பெஞ்சை உதைக்கும். ஒருத்தன் அப்பாவின் கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காததால் முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு வருவான். நேற்று வரை தெரிந்த வகுத்தல் இன்று மறந்து போகும். நானும் பட்டாளத்துக்காரர் மகள்தான், எனக்கும் மறந்து போயிருக்கிறது. அந்த வாரம் அவர்களைக் கரும்பலகைக்குக் கூப்பிடாமல் இருக்க வேண்டும். "அப்பா எப்ப வருவாரு?" என்று வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று கேட்டுத் தொலைக்காமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் அவ்வளவுதான் வேலை.

இன்னொன்றும் செய்துவந்தேன். எல்லையில் இருக்கிறவர்களுக்கு எப்போது சிக்னல் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அந்தப் பிள்ளைகளின் போன்களை என் மேஜை இழுப்பறையில் அணைக்காமல் வைத்திருப்பேன். அடித்தால், நான் எந்தக் கணக்கின் நடுவில் இருந்தாலும் சரி, அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டு வெளியே போகலாம். மற்ற பிள்ளைகள் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். இது விழா சார் காதுக்குப் போயிற்று. ஒழுங்கு கெடுகிறது என்று ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, முன்னால் மைக் இல்லாத வருத்தத்தோடு, அரை மணி நேரம் பேசினார். இழுப்பறைக்குத் தடை வந்தது. அதற்குப் பதிலாகப் "பாச அறை" என்று ஒன்றைத் திறந்தார்.

பாச அறையின் கதையைக் கேளுங்கள். பழைய விளையாட்டுச் சாமான் கிடங்குக்கு இளஞ்சிவப்பில் வண்ணம் பூசி, சுவரில் ஒரு பெரிய இதயம் வரைந்து, பிளாஸ்டிக் பூச்செடி நாலு வைத்து, நடுவில் ஒரு கணினி. பட்டாளத்துப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து பெற்றோரோடு முகம் பார்த்துப் பேசலாமாம். திறப்பு விழாவுக்கு ரிப்பன், கத்திரிக்கோல், மூன்று பேச்சாளர்கள், எல்லாம் இருந்தது. இன்டர்நெட் இணைப்பு மட்டும் இல்லை. சாவி விழா சாரின் சட்டைப் பையில். வெளியூரிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் கதவு திறக்கும், இரண்டு பிள்ளைகள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து கறுப்புத் திரையைப் பார்த்துச் சிரிப்பார்கள். விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் என்று சும்மாவா சொன்னார்கள்? நான் என் இழுப்பறையை மூடவில்லை. போனைச் சத்தம் வராமல் அதிர்வில் போடச் சொன்னேன், அவ்வளவுதான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா எல்லையில் இறந்து போனார். செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தது வகுப்பு நேரத்தில். உதவித் தலைமையாசிரியை அவன் வகுப்புக்கே போய், அவன் பெயரைச் சொல்லி எழுப்பி, தோளில் கைபோட்டு, வராந்தா முழுக்க நடத்திக்கொண்டு அலுவலக அறைக்குக் கூட்டிப் போனார். எங்கள் வராந்தா நீளமானது. எல்லா வகுப்பு ஜன்னலும் அதைப் பார்த்துத்தான் இருக்கின்றன. அத்தனை பிள்ளைகளும் பார்த்தார்கள். அவன் போகும்போது ஒன்றும் தெரியாமல் ஜன்னல் பக்கம் ஒரு நண்பனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். அந்த அம்மாள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் பட்டாளத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் உண்டாகிவிட்டது. பள்ளி நேரத்தில் பெரியவர் ஒருவர் வந்து தோளில் கைபோட்டு வராந்தாவில் கூட்டிப்போனால், வீட்டில் ஒரு ஆள் குறைந்துவிட்டது. விளையாட்டில்கூட அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போடுவதில்லை. தெரியாமல் ஒரு புதுப் பையன் போட்டுவிட்டு உதை வாங்கினான்.

இது விழா சாருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்தப் பையனின் அப்பாவுக்கான அஞ்சலிக் கூட்டத்தை நடத்தியவரே அவர்தான். பின்னணியில் சோக இசை போதவில்லை என்று வருத்தப்பட்டவர்.

இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் ஒரு வாயாடி இருக்கிறாள். வாயாடி என்று செல்லமாகத்தான் சொல்கிறேன். வகுத்தல் மீதியைக் கூடக் கதையாகச் சொல்வாள். "டீச்சர், இந்த மூணு பாவம், எங்கயும் சேர முடியல" என்பாள். அப்பா கிடையாது, கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா பட்டாளத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், எல்லைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. இவள் சித்தியோடு இருக்கிறாள். சித்திக்கு மருந்துக் கடையில் வேலை. அம்மா எப்பாடு பட்டாவது தினமும் ஒரு தடவை கூப்பிட்டுவிடுவார். ஒரு நிமிஷம் பேசினாலும் பேச்சுத்தான். அந்த ஒரு நிமிஷத்தில் இந்த வாயாடி ஒரு நாள் கதையையே கொட்டித் தீர்த்துவிடுவாள்.

ஒரு புதன்கிழமை என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வாய் பேசவில்லை, கை மட்டும் டஸ்டரைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"என்னடி?"

"டீச்சர், டவர் இல்லாம போச்சுன்னா எத்தனை நாள் இல்லாம இருக்கும்?"

"சில சமயம் ஒரு வாரம்கூட ஆகும். ஏன், அம்மா பேசலயா?"

"திங்கக்கெழமையிலேர்ந்து பேசல. சித்தியும் என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கறா."

"கெட்ட செய்தின்னா இந்நேரம் வந்திருக்கும்டி. வரலன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்" என்றேன். நம்பின மாதிரி தலையாட்டிவிட்டுப் போனாள். வாசற்படி வரைக்கும் போய்த் திரும்பி, "யாராச்சும் என்னைக் கூப்பிட வந்தா, நான் கழிவறையில இருக்கேன்னு சொல்லிடுங்க டீச்சர்" என்றாள். பதினோரு வயதுப் பிள்ளை சொல்கிற வார்த்தையா இது?

மறுநாள் காலையில் பள்ளி வாசலில் அவளுடைய சித்தி எனக்காகக் காத்திருந்தாள். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, என் கையைப் பிடித்து மதில் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நான் முடிவே கட்டிவிட்டேன்.

"சொல்லும்மா. எப்ப?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல டீச்சர்! அக்கா நல்லா இருக்கா. வந்துட்டா. திங்கக்கெழமையே வந்துட்டா."

"எங்க வந்தா?"

"இங்கதான். எதிர முகாம் விடுதியில ஒக்கார வெச்சிருக்காங்க."

அந்த வெயிலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் விக்கி விக்கிச் சொன்னாள். அக்காவுக்குப் பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. விஷயம் விழா சாருக்கு எப்படியோ எட்டியிருக்கிறது. அவர் முகாமின் பெரிய அதிகாரியைப் போய்ப் பார்த்து, மேடையில் தாயும் மகளும் சந்திக்கிற மாதிரி ஒரு "இன்ப அதிர்ச்சி" நிகழ்ச்சி வைத்தால் பட்டாளத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மன தைரியம் வரும், மனநல நிபுணர்களே சொல்லியிருக்கிறார்கள் என்று அளந்துவிட்டிருக்கிறார். அதிகாரிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தானே சிறப்பு விருந்தினராக வருவதாகச் சொன்னார். ஆனால் அவருக்கு வெள்ளிக்கிழமைதான் நேரம். அதுவரை மகள் கண்ணில் படக்கூடாது, போனிலும் பேசக்கூடாது, பேச்சுவாக்கில் உளறிவிடுவாய் என்று அம்மாவுக்கு உத்தரவு.

"அக்கா ஒத்துக்கிட்டாளா?"

"அதிகாரி சொன்னா அவ என்ன டீச்சர் பண்ணுவா? பிள்ளைக்கு நல்லதுன்னு வேற சொல்லியிருக்காங்க. அவ ஜன்னல் வழியா தெனமும் இவ ஸ்கூலுக்குப் போறதப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணி அழறா. இவ ராத்திரி பூரா தலகாணியில மூஞ்சியப் புதைச்சுட்டு அழறா. நடுவுல நான் ரெண்டு பக்கமும் பொய் சொல்லிச் சொல்லிச் சாவறேன்."

பாருங்கள் அநியாயத்தை! ஒரு ரோடு. ரோட்டின் அந்தப் பக்கம் தாய், இந்தப் பக்கம் மகள். நடுவில் இந்த ஆள், கையில் நிகழ்ச்சி நிரலோடு. எல்லையில் எட்டு மாதம் பிரிந்திருந்ததற்கு நாடு, கடமை என்று ஒரு காரணமாவது இருந்தது. இந்த நாலு நாளுக்கு என்ன காரணம்? விருந்தினருக்கு வெள்ளிக்கிழமைதான் ஒழிகிறதாம்!

நேராக அரங்கத்துக்குப் போனேன். விழா சார் ஏணிக்குக் கீழே நின்று, திரைச்சீலையை மேலே இழு, கீழே இறக்கு என்று வேலையாட்களை விரட்டிக்கொண்டிருந்தார். மேடை நிறைய பூந்தொட்டி. முன்வரிசையில் சோபா.

"சார், அந்தப் பிள்ளைகிட்ட அவங்க அம்மா வந்தாச்சுன்னு இப்பவே சொல்லணும்" என்றேன்.

அவர் பதறிப்போய் விரலை உதட்டில் வைத்தார். "மெதுவா டீச்சர், மெதுவா! யாராவது கேட்டுடப் போறாங்க. நாலு நாளா பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன்."

"அவ சாப்பிடல, தூங்கல. அம்மா செத்துட்டாங்கன்னு நெனச்சிட்டு இருக்கா."

"அதுதான் டீச்சர் வேணும்! அந்த ஏக்கம் இருந்தாத்தானே மேடையில அந்த ஓட்டம் வரும்? ஓடி வந்து கட்டிப் பிடிக்கறப்ப கல்லும் கரையும்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது என்பார்கள். இந்த ஓநாய் ஆட்டை நனைய வைத்துவிட்டு, படம் பிடிக்க ஆளும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. "உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "என் பொண்ணுக்கு இந்த மாதிரி சந்தர்ப்பம் அமையலயே டீச்சர்" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

"சரி, மேடையே ஏத்துங்க. ஆனா சொல்லிட்டு ஏத்துங்க. வகுப்பிலேர்ந்து கூப்பிடாதீங்க. வராந்தாவில கூட்டிட்டுப் போகாதீங்க. உங்களுக்கே தெரியும், அதுங்களுக்கு அது என்னன்னு."

"அதெல்லாம் பழைய கதை டீச்சர். பிள்ளைங்க மறந்திருக்கும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "சரி, யோசிக்கிறேன். நிகழ்ச்சி நாளைக்குத்தானே. இன்னிக்கு ஒத்திகை மட்டும்தான். நீங்க கிளாஸுக்குப் போங்க."

போனேன். முதல் பீரியட் எனக்கு ஒன்பதாம் வகுப்பு, அதற்கு அடுத்த பீரியட் ஆறாம் வகுப்பு. இவர் என்ன யோசித்தாலும் சரி, வகுப்பில் நுழைந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது, மேடை நாசமாய்ப் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அந்த மனுஷன் என்னிடம் பச்சைப் பொய் சொல்லியிருக்கிறார். விருந்தினருக்கு வெள்ளிக்கிழமை வேறு வேலை வந்துவிட்டதால் நிகழ்ச்சியை அன்றைக்கே வைத்துவிட்டார்கள். நான் ஏதாவது கெடுத்துவிடுவேன் என்று என் பீரியட் மணி அடிப்பதற்குள் ஆறாம் வகுப்புக்கு ஆள் அனுப்பியாயிற்று.

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் வகுப்பு திடீரென்று அமைதியானது. ஒன்பதாம் வகுப்பு அமைதியாவது சாதாரண விஷயமில்லை. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்க்கிறார்கள். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பட்டாளத்துப் பெண் எழுந்து நின்றுவிட்டாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

வராந்தாவில் உதவித் தலைமையாசிரியை வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் வாயாடி. அவள் தோளில் அவருடைய கை. முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள வேண்டும், தோளில் கை இருந்தால் படத்தில் பாசமாகத் தெரியும் என்று விழா சார் சொல்லியனுப்பியிருக்கிறார். முன்னால் கேமராக்காரர் பின்பக்கமாக நடந்துகொண்டே படம் பிடிக்கிறார். பிள்ளை அழவில்லை. கால்கள் மட்டும் ஒரே மாதிரி விழவில்லை, ஒன்று முன்னே போனால் இன்னொன்று எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது.

சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். "ஏய், அம்மா நல்லா இருக்காங்கடி! அம்மா வந்துட்டாங்கடி!" என்று வராந்தாவில் கத்தினேன். அதே நேரம் அரங்கத்தில் பாண்டு வாத்தியம் ஆரம்பித்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் போய்ச் சேருவதற்குள் கதவை மூடிவிட்டார்கள். வாசலில் நின்ற உடற்பயிற்சி ஆசிரியரைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

பிள்ளை மேடைக்கு நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். முன்வரிசை சோபாவில் அதிகாரி. விழா சார் மைக்கைப் பிடித்திருந்தார். வாழ்நாள் முழுக்க இதற்காகவே காத்திருந்தவர் போல மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "இந்தக் குழந்தையின் தாய்... நாட்டுக்காக... தன்னையே கொடுத்தவர்..." அப்புறம் தலையைக் குனிந்து நின்றார். கூட்டம் ஏங்க வேண்டுமாம், அதற்காக ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் பிள்ளை மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காத நாட்களில் காதில் கேட்பது அந்தச் சத்தம்தான்.

திரை விலகியது. சீருடையில், கையில் பூங்கொத்தோடு அம்மா நின்றார்.

பிள்ளை ஓடவில்லை. பார்த்தாள். யார் என்றே தெரியாத மாதிரி பார்த்தாள். அம்மாதான் பூங்கொத்தை எறிந்துவிட்டு ஓடிவந்து மண்டியிட்டார். அவள் இரண்டு கையையும் மூடி அம்மாவை அடிக்க ஆரம்பித்தாள். மார்பில், முகத்தில், தொப்பியில், கண்மண் தெரியாமல் அடித்தாள். "ஏன் போன் பண்ணல? ஏன் போன் பண்ணல? நீ செத்துட்டேன்னு நெனச்சேன்! எங்க இருந்த?"

அம்மா அடியை வாங்கிக்கொண்டே, "இங்கதான்டா இருந்தேன்... எதிர் விடுதியில... சொல்லக்கூடாதுன்னுட்டாங்கடா" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

அடி நின்றது. "எப்பலேர்ந்து?"

"திங்கக்கெழமை."

பிள்ளை கையைக் கீழே போட்டுவிட்டாள். அரங்கத்தில் இரண்டு பேர் கைதட்ட ஆரம்பித்து, யாரும் சேராததால் நிறுத்தினார்கள். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

இந்த இடத்தில் மனுஷனாகப் பிறந்தவன் என்ன செய்வான்? மைக்கை அணைப்பான், விளக்கை அணைப்பான், தாயையும் பிள்ளையையும் விட்டுவிட்டு வெளியே போவான். விழா சார் கேமராக்காரரிடம் குனிந்தார். "வந்துச்சா?"

"அடிக்கறதுதான் சார் வந்திருக்கு."

"ஐயையோ! அது போட்டா நல்லா இருக்காதே." அதிகாரியைப் பார்த்து, "ஒரே நிமிஷம் ஐயா, சின்னத் தொழில்நுட்பக் கோளாறு, மறுபடி எடுத்துடலாம்" என்றார். அதிகாரியும் தலையாட்டினார். அவரும் படத்தில் வர வேண்டுமே!

நான் மேடையேறினேன். "வெக்கமா இல்லையா சார் உங்களுக்கு? சோறுதான திங்கறீங்க?" என்று கேட்டேன். மைக் பக்கத்தில் இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது. அவர் வாழ்க்கையில் என்னை மைக் முன்னால் பேச விட்டது அந்த ஒரு தடவைதான். தலைமையாசிரியை கீழேயிருந்து, "டீச்சர், விருந்தினர் இருக்காங்க, இறங்குங்க" என்று பல்லைக் கடித்தார். நான் இறங்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து, "வாடி, வெளிய போலாம்" என்றேன்.

"வேணாம் சார்" என்று அம்மாவும் மெதுவாகச் சொன்னார். அதற்குள் அதிகாரி, "இரண்டு நிமிஷம்தானே, முடிச்சிடும்மா" என்றார் சோபாவிலிருந்தே. எட்டு மாதம் குண்டு விழுகிற இடத்தில் வண்டி ஓட்டிய பெண் அந்தக் குரலைக் கேட்டதும் விறைப்பாக நிமிர்ந்து நின்றுவிட்டார். பழக்கம் அப்படி. முகம் மட்டும் கெஞ்சிக்கொண்டிருந்தது.

விழா சார் பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தேன் ஒழுகப் பேசினார். "கண்ணு, ஒரே ஒரு தடவை. சிரிச்சிட்டே ஓடி வந்து அம்மாவக் கட்டிப் பிடிக்கணும். அது முடிஞ்சா வீட்டுக்குப் போயிடலாம்."

பிள்ளை முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "முடிஞ்சா அம்மாவ விட்டுடுவீங்களா சார்?"

"கண்டிப்பா! நேரா வீட்டுக்குத்தான்."

என் கையிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். "இருங்க டீச்சர்" என்றாள், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. பாவாடையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு எழுந்து நின்று அவரிடம் கேட்டாள்:

"எங்கேர்ந்து ஓடி வரணும்?"

நீங்கள் எல்லோரும் உங்கள் போனில் பார்த்துக் கண்ணீர் விட்டது அந்த இரண்டாவது ஓட்டத்தைத்தான். அவ்வளவு அழகாக ஓடினாள். கையை விரித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, சரியாகக் கேமராவுக்கு முகம் தெரிகிற பக்கமாக வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அம்மா உடைந்து அழுதார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். விழா சாரின் கண்ணிலும் தண்ணீர், அது நிஜத் தண்ணீர்தான், அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

அம்மாவின் தோளுக்கு மேலே பிள்ளையின் முகம் என் பக்கம் இருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது. அந்தச் சிரிப்போடே விழா சாரைப் பார்த்து, "இப்ப சரியா வந்துச்சா சார்?" என்று கேட்டாள்.

விழா சார் கேமராக்காரரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார்.

"பிரமாதம்மா!" என்றார் விழா சார்.

அவள் உடனே அம்மாவின் கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். அம்மா இன்னும் அவளைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்.